கடற்பசுவை எண்ண விமானம்தான் வேண்டுமா?

பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக 2022-இல் அறிவித்தார்கள். சரி, அங்கே எத்தனை இருக்கிறது, எத்தனை வலையில் சாகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? விமானத்தில் பறந்து எண்ணலாம், செலவு எகிறும். வலை சரிசெய்துகொண்டிருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, ஆவுளியாவ (கடற்பசுவைத்தான்) கடைசியா எங்க பாத்தீங்க? எந்த வலையில மாட்டுச்சு?" என்று கேட்க டீ செலவுதான். (பெயர் மட்டும் கேட்காதீர்கள். வழக்குப் பயம் வந்தால் பேச்சு நின்றுவிடும்.) மூச்சுவிட மேலே வரும் பிராணி என்பதால் செவுள்வலையில் (மீனின் செவுள் மாட்டிக்கொள்ளும் வலை) சிக்கினால் மூழ்கியே செத்துவிடும். அதனால் வலை எவ்வளவு நேரம் கடலில் கிடந்தது என்பதையும் கேட்க வேண்டும்.

அப்புறம் கடற்புல் படுகை. கடற்பசு கடற்புல்லை வேரோடு பிடுங்கித் தின்பதால் அது மேய்ந்த இடத்தில் வெறும் மணல் கோடாக நீளும். தெளிந்த தண்ணீரில் அதைப் பார்க்க நீச்சல் கண்ணாடி போதும்.