பிளாட்பாரத்துப் பிள்ளைகள்: வேலூர் நாட்குறிப்பு

மே 22, 2024, புதன்

அக்னி நட்சத்திரம் முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டேன். ஒன்பது மணிக்கு மேல் இந்த ஊர் வெயிலில் யாரும் யாரையும் கணக்கெடுக்க முடியாது. படிவத்தில் வீட்டு எண், தெரு, வார்டு என்று முதலில் வரும் கட்டங்கள் எல்லாம் கதவு உள்ளவர்களுக்கானவை. பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில் பிளாட்பாரத்தில் படுத்திருந்த குடும்பத்துக்கு என்ன எழுதுவது? "ஏடிஎம் பக்கத்தில்" என்று எழுதினேன்.

அம்மா, பதினோரு வயதுப் பெண், எட்டு வயதுப் பையன், ஒரு கைக்குழந்தை. சாயங்காலம் கோட்டை வாசலில் பலூன் விற்கிறார்கள். அப்பா மண்டித் தெருவில் ராத்திரி லோடு இறக்கப் போகிறவர். என் கையில் நோட்டைக் கண்டதுமே அந்தம்மா குழந்தையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"இன்னாமா எழுதிகினு கீற? புள்ளைங்கள ஓமுக்கு இட்டுனு போவ வந்துகிறியா?"

'ஓம்' என்றால் அரசு விடுதி. பயம் நியாயமானதுதான். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி தெருவில் வாழும் பிள்ளை 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை'. யாராவது குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு போன் போட்டு, பிள்ளையை அழைத்துப் போனால், 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். வடக்கேயிருந்து வருகிற ரயிலில் தனியாக வந்து காட்பாடி ஜங்ஷனில் இறங்கி முழிக்கிற பையனுக்கு அந்தச் சட்டம்தான் துணை. தாய் மடியில் இருக்கிற பிள்ளைக்கு விடுதி கடைசி வழி என்றுதான் அதே சட்டமும் சொல்கிறது. ஆனால் அதையெல்லாம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து விளக்க முடியாது. விளக்க ஆரம்பித்தால் மறுநாள் குடும்பம் அங்கே இருக்காது. "பள்ளிக்கூடத்து டீச்சர்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மே 24, வெள்ளி

கோட்டை வாசல். வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் தங்கியிருக்கும் வங்காளக் குடும்பங்கள் மாலையில் இங்கே காற்று வாங்க வருவார்கள். பெரியவள் அவர்களிடம் "போஞ்சாஷ் டாக்கா" (வங்காளத்தில் ஐம்பது ரூபாய்) என்று ஆரம்பித்து, முப்பத்தைந்தில் வந்து நிற்கிறாள். ஒருவர் மூன்று பலூன் வாங்கி 200 ரூபாய்த் தாளை நீட்டினார். சட்டென்று 95 ரூபாய் எடுத்துக் கொடுத்தாள், விரல் மடக்கவில்லை.

"மூணு பலூன் எவ்ளோ ஆச்சு?"

"நூத்தியஞ்சு."

நோட்டில் எழுதச் சொன்னேன். பேனாவைக் கட்டைவிரலுக்குள் இறுக்கிப் பிடித்து 100 எழுதினாள், அதை ஒட்டி ஒரு 5. 1005. படிக்கச் சொன்னால் "நூத்தியஞ்சு" என்கிறாள், துளி சந்தேகமில்லாமல். காதில் விழுகிற மாதிரியே எழுதியிருக்கிறாள்.

ஆற்காட்டில் ஒன்றாம் வகுப்புக்குக் கொஞ்ச நாள் போயிருக்கிறாளாம். இவளுக்குக் கணக்கு சொல்லித்தர வேண்டாம், இடமதிப்பைக் காட்டினால் போதும். தமிழ்தான் நாள் பிடிக்கும். பஸ் போர்டில் குடியாத்தம், ஆம்பூர் எல்லாம் சரியாகச் சொல்கிறாள், ஆனால் எழுத்துக் கூட்டி இல்லை, சொல்லின் உருவத்தைப் பார்த்து.

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறப்பு. பிறப்புச் சான்று எங்கே, ஆதார் எங்கே என்றார் தலைமை ஆசிரியர். இரண்டும் இல்லை. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவை அச்செடுத்துப் பையிலேயே வைத்திருக்கிறேன்: வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது. படித்துப் பார்த்தவர், "பேரை எழுதிக்கிறேன், மத்ததை அப்புறம் பார்ப்போம்" என்றார். மோசமான மனிதர் இல்லை. அவரை மேலிருந்து கேட்கிறவர்கள் கேட்பதெல்லாம் காகிதம்தான்.

வயதுக்கேற்ற வகுப்பு என்பதால் பெரியவள் ஆறாம் வகுப்பு, தம்பி மூன்று. அவளுக்குத் தனியாகச் சிறப்புப் பயிற்சி, அது என் பொறுப்பு. குறைந்தது மூன்று மாதம், தேவைப்பட்டால் இரண்டு வருடம் வரை கொடுக்கலாம்.

இதில் ஒரு கோளாறு. காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்து வரைக்கும்தான். 2022-ல் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வந்த திட்டம். நல்ல திட்டம், அதில் சந்தேகமே கிடையாது. ஆனால் ஒரே பள்ளிக்கூடத்தில் தம்பி சாப்பிட உட்காருகிறான், அக்கா தூணோரம் நிற்கிறாள். ஒன்றாம் வகுப்புத் தமிழ் படிக்கிறவளை வயதுக்காக ஆறில் போட்டதற்கு இது கூலி. மிஞ்சினால் சமையலம்மா அவளுக்கும் ஒரு தட்டு வைத்துவிடுகிறார். புதன்கிழமை பொங்கல் மட்டும் மிஞ்சாது என்று எச்சரித்தார்.

ஜூன் 12, புதன்

குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு தினம். எல்லாரும் கை நீட்டி உறுதிமொழி எடுத்தோம், போட்டோ பிடித்தார்கள். பெரியவள் வரவில்லை. நேற்று ராத்திரி பதினொன்று வரைக்கும் பலூன் விற்றாளாம்.

ஜூன் 19, புதன்

"பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று மீட்டிங்கில் ஒருவர் சொன்னார். அந்தப் பெற்றோரின் காலைப்பொழுதை அவர் ஒருநாள் வந்து பார்க்கலாம். ஐந்தரைக்குக் கடை திறக்கிறவர் தண்ணீர் தெளித்து எழுப்பிவிடுகிறார். குளிக்க பஸ் ஸ்டாண்ட் கட்டணக் கழிப்பறை. தலைக்கு 20 ரூபாய், மூன்று பேருக்கு 60. அது ஒருவேளை இட்லிக் காசு. குளிக்காமல் போனால் பெஞ்சில் பக்கத்துப் பிள்ளை நகர்ந்து உட்காருகிறது. தம்பி அதற்காகவே இரண்டு நாள் மட்டம் போட்டான்.

அடுத்தது பை. இலவசமாகக் கொடுத்த புத்தகம் அத்தனையும் திங்கள்கிழமை ராத்திரி மழையில் ஊறிப்போனது. தார்பாயைக் கைக்குழந்தைக்குப் போர்த்துவார்களா, புத்தகத்துக்கா? அப்பளமாக உப்பிய தமிழ்ப் புத்தகத்தை அந்தம்மா பிளாட்பாரக் கம்பியில் பிரித்துக் காயப்போட்டிருந்தார், பக்கத்துக்குப் பக்கம் குச்சி செருகி. அக்கறை வேறு எப்படி இருக்கும், தெரியவில்லை.

இனி பையும் சீருடையும் பள்ளி பீரோவிலேயே இருக்கட்டும், காலை எட்டுக்கே வந்து பள்ளிக் குழாயில் குளித்துக்கொள்ளட்டும் என்று கேட்டேன். வாட்ச்மேன் சாவி தர ஒத்துக்கொண்டார். சோப்பு என் செலவு. தம்பி அன்றிலிருந்து ஒழுங்காக வருகிறான்.

ஜூலை 30, செவ்வாய்

நேற்று ஆடிக் கிருத்திகை. ரத்தினகிரி, வள்ளிமலை எல்லாம் ஜனக்கூட்டம், பலூன்காரர்களுக்கு அதுதான் அறுவடை. குடும்பமே போன வாரம் கிளம்பிவிட்டது. தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரை எமிஸ் என்ற அரசின் மாணவர் கணினிப் பதிவில் காமன் பூலுக்கு, அதாவது எந்தப் பள்ளியிலும் இல்லாதவர் பட்டியலுக்குத் தள்ளிவிடுவார்கள், திரும்ப இழுப்பது பெரும் பாடு. இப்போதைக்குத் தள்ள வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வந்துவிட்டார்கள். பெரியவள் இன்று 105, 1005 இரண்டையும் அடுத்தடுத்து எழுதி, "இது பலூன், இது செல்போன்" என்றாள்.

ஆனால் செவ்வாயும் வியாழனும்தான் வருகிறாள். அந்த இரண்டு நாள் சித்தி வந்து கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். மற்ற நாளில் அம்மா சரக்கு எடுக்கப் போனால் குழந்தை இவள் இடுப்பில்.

"நீயே சொல்லு டீச்சரு, இத்த எங்க வுட்டுட்டு போறது?" என்று கேட்கிறார் அந்தம்மா. அங்கன்வாடியில் சேர்க்க இரண்டு வயது ஆகியிருக்க வேண்டும். அரசாங்கக் கணக்கில் பெரியவள் இப்போது பள்ளி செல்லும் குழந்தை. கைக்குழந்தைக்குத் தை மாதம்தான் இரண்டு முடிகிறது. அதுவரை திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம் கோட்டை வாசலுக்கு நானே நோட்டோடு போகிறேன், கூட்டம் சேருவதற்கு முன்னால் அரை மணி நேரம்.