அண்ணனின் கையும் என் கையும்: ஓர் ஆய்வகத்தில் மூன்று நாட்கள்

அண்ணனுக்குச் சிறுமூளையில், அதாவது பின்தலைக்குள் இருந்து அசைவுகளைச் சீராக்கும் மூளைப் பகுதியில், பக்கவாதம் வந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. பக்கவாதம் என்றாலே கை கால் விழுந்துவிடும், வாய் கோணிக்கொள்ளும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அவருக்கு அப்படி எதுவும் இல்லை. வலது கையின் பலம் குறையவே இல்லை. என் விரல்களைப் பிடித்து இறுக்கினால் எனக்கு வலிக்கும். ஆனால் டம்ளரை எடுக்கப் போனால் அந்தக் கை டம்ளரைத் தாண்டிப் போகும், திரும்பி வரும், நெருங்க நெருங்க நடுங்கும். சட்டைப் பொத்தான்களைப் போட்டு முடிக்கக் கால் மணி நேரம். "பலம்தான் இருக்கிறதே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே அவர் சலித்துப்போயிருந்தார்.

பிசியோதெரபி கொடுப்பவர்தான் இந்த ஆய்வைப் பற்றிச் சொன்னார். சிறுமூளை பாதிக்கப்பட்டவர்களும், ஒப்பிட்டுப் பார்க்க அதே வயதை ஒட்டிய நல்ல உடல்நிலையில் உள்ளவர்களும் தேவைப்பட்டார்கள். அண்ணனைவிட நான் இரண்டு வயது இளையவன். இருவரும் பெயர் கொடுத்தோம்.

ஒப்புதல் படிவம் ஏழெட்டுப் பக்கம். அவசரப்படாமல் படியுங்கள், சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றுதான் போக நினைப்பவர்களுக்குச் சொல்வேன். "இதனால் உங்களுக்கு நேரடி மருத்துவப் பயன் கிடையாது" என்று அதில் தெளிவாகவே எழுதியிருந்தது. அண்ணன் அந்த வரியை இரண்டு முறை படித்தார். "எது கெட்டுப்போயிருக்கிறது என்றாவது கண்ணால் பார்க்கலாம், தம்பி" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பக்கவாதத்துக்குப் பிறகு அவருடைய எழுத்து பெரிதாகிவிட்டது. கட்டத்தைத் தாண்டிப் பக்கத்து வரி வரை ஓடியது.

முதல் நாள் எனக்கு மட்டும் காந்தத் தூண்டல் சோதனை, அதாவது வெளியிலிருந்தே காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டிப் பார்ப்பது. தலைக்குள் உலோகம் இருக்கிறதா, பேஸ்மேக்கர் இருக்கிறதா, எப்போதாவது வலிப்பு வந்ததுண்டா என்று துருவித் துருவிக் கேட்டார்கள். இதில் எதையும் மறைக்கக் கூடாது. பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள தசையின் மேல் மின்முனைகளை ஒட்டி, காதில் அடைப்பான் வைத்துவிட்டு, எட்டு வடிவக் கம்பிச்சுருள் ஒன்றை இடது பக்கத் தலையில் வைத்தார் ஆய்வாளர். "கையைத் தளர்வாக விட்டுவிடுங்கள்" என்றார். டக் என்று ஒரு சத்தம். என் வலது ஆள்காட்டி விரல் துள்ளியது.

நான் அசைக்கவில்லை, அது அசைந்தது. மண்டையோட்டைத் திறக்காமல், வலியில்லாமல் இப்படித் தூண்டும் முறையை 1985ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கரும் அவருடைய சகாக்களும் செய்துகாட்டினார்கள். பெருமூளையின் இயக்கப் பகுதியில் கிளம்பும் கட்டளை, மூளைத்தண்டின் அடியில் உள்ள முகுளத்தில் மறுபக்கம் தாண்டி, தண்டுவடம் வழியே கைத்தசையை எட்ட ஏறக்குறைய 20 மில்லிசெகண்டுதான் ஆகிறது. சுருளை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நகர்த்தியதும் விரல் அடங்கிவிட்டது. மூளையில் கைக்கென்று ஓர் இடம் உண்டு என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். அதை என் விரலிலேயே பார்த்தபோது சற்று நேரம் பேச்சு வரவில்லை.

முக்கியமான சோதனை இரண்டாம் நாள். ஒரு ரோபோ கையின் பிடியைப் பிடித்துக்கொண்டு, திரையில் தெரியும் இலக்கை நோக்கி நகர்த்த வேண்டும். நம் கை நம் கண்ணுக்குத் தெரியாது. அதன் இடத்தைக் காட்டும் புள்ளி மட்டும் திரையில் நகரும். முதலில் சாதாரணமாக இருந்தது. பிறகு முன்னறிவிப்பில்லாமல் ரோபோ என் கையைப் பக்கவாட்டில் தள்ளத் தொடங்கியது. வேகமாக நகர்த்தினால் அதிகமாகத் தள்ளும், மெதுவாக நகர்த்தினால் குறைவாகத் தள்ளும். புள்ளி வில்லாக வளைந்து போயிற்று. நூறு முறை, இருநூறு முறை செய்யச் செய்ய வளைவு நிமிர்ந்து, பாதை மறுபடி நேரானது. ரோபோ இன்னும் தள்ளிக்கொண்டுதான் இருந்தது. நான்தான் அதை உணர்வதை நிறுத்தியிருந்தேன்.

அப்போது சொல்லாமல் அந்த விசையை நிறுத்தினார்கள். என் கை எதிர்ப்பக்கமாக வளைந்து பாய்ந்தது.

மூன்று நாட்களில் நான் மறக்கவே முடியாத நொடி அது. யாரும் தள்ளவில்லை, இல்லாத விசையை எதிர்த்து என் கை தானாகத் திரும்பியது. 1994இல் ஷாட்மெர், முஸ்ஸா-இவால்டி என்ற இரண்டு ஆய்வாளர்களும் இதே வகைச் சோதனையில் இந்தப் பின்விளைவைத்தான் சுட்டிக்காட்டினார்கள். வெறுமனே கையை விறைப்பாக்கிச் சமாளித்திருந்தால் விசை போனதும் பாதை நேராக இருந்திருக்கும். எதிர்ப்பக்கம் வளைந்தது என்றால், வரப்போகும் தள்ளலை மூளை முன்கூட்டியே கணித்து, அதற்கு ஈடான கட்டளையை அசைவு தொடங்கும்போதே சேர்த்து அனுப்புகிறது என்று பொருள். கண்ணால் பார்த்துத் திருத்துவதற்கு நூறு மில்லிசெகண்டுக்கு மேல் ஆகிவிடும். கையை நீட்டுவதே அரை நொடி வேலை என்னும்போது, பார்த்துப் பார்த்துத் திருத்த நேரம் இருக்காது.

அடுத்து அண்ணன் உட்கார்ந்தார். விசை வந்ததும் அவர் பாதையும் வளைந்தது. ஆனால் இருநூறு முறைக்குப் பிறகும் பெரிதாக நிமிரவில்லை. விசையை நிறுத்தியபோது எதிர்ப்பக்க வளைவு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அவரது கை எதையும் எதிர்பார்த்திருக்கவில்லை.

ஆய்வாளர் இரண்டு பேருடைய பாதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அவர் காட்டியாக வேண்டிய கட்டாயம் இல்லை. அண்ணன் கேட்டதால் காட்டினார். மூளையிலுள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் 6,900 கோடி அளவுக்குச் சிறுமூளையில்தான் இருக்கின்றன என்றும், எடையில் அது பத்தில் ஒரு பங்குதான் என்றும் சொன்னார். பெருமூளை எதிர்ப்பக்கக் கையை ஆள்கிறது. சிறுமூளையோ அதே பக்கத்துக் கையை. அதனால்தான் சிறுமூளையின் வலது பக்கம் பாதிக்கப்பட்ட அண்ணனுக்கு வலது கை தடுமாறுகிறது. முதல் உலகப் போரில் சிறுமூளையில் குண்டுக் காயம் பட்ட வீரர்களை ஆராய்ந்த நரம்பியல் மருத்துவர் கார்டன் ஹோம்ஸ், இப்படிப்பட்ட ஒரு நோயாளி சொன்னதைப் பதிவு செய்திருக்கிறார்: இடது கை தன்னை அறியாமலே இயங்குகிறது, வலது கையின் ஒவ்வோர் அசைவையும் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது என்று.

இதைக் கேட்டதும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதைத்தான் நான் இத்தனை நாளாகச் சொல்கிறேன். என் கை யோசிக்காமல் எதையும் செய்வதில்லை" என்றார். அவர் கண் கலங்கியதைக் கவனித்தேன். பலம் இருந்தும் ஏன் முடியவில்லை என்ற கேள்விக்கு ஏழு மாதம் கழித்து ஒரு படம் கிடைத்திருந்தது.

மூன்றாம் நாள் சோதனை வேறு மாதிரி. இம்முறை திரையில் புள்ளியே காட்டவில்லை. கை சரியான இடத்தைத் தொட்டால் ஒரு மணியோசை, தவறினால் மௌனம். எவ்வளவு தவறினோம், எந்தப் பக்கம் தவறினோம் என்று எதுவும் சொல்லப்படாது. பிழையை வைத்துக் கற்கும் வழி சிறுமூளையை நம்பியிருக்கிறது. பலித்ததா இல்லையா என்பதை மட்டும் வைத்துக் கற்கும் வழி அதை அவ்வளவாக நம்பியில்லை. அதனால் இந்த இரண்டாவது வழியில் சிறுமூளை நோயாளிகளாலும் கற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். அண்ணன் மெல்ல மெல்லத்தான் போனார். ஆனால் மணி கேட்கக் கேட்க முகம் தெளிந்துகொண்டே வந்தது. களைத்துவிட்டால் தடுமாற்றம் கூடிவிடும் என்பதால் நடுநடுவே ஓய்வு கேட்டு வாங்கிக்கொண்டோம், கேட்கத் தயங்காதீர்கள்.

இது சிகிச்சை அல்ல என்று ஆய்வாளர் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் அனுப்பினார். இருந்தாலும் இப்போது காலையில் அண்ணன் சட்டை போடும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். "கொஞ்சம் மேலே, கொஞ்சம் இடது பக்கம்" என்று சொல்வதை விட்டுவிட்டேன். பொத்தான் துளைக்குள் போனதும் மேசையை ஒரு தட்டு தட்டுகிறேன், அவ்வளவுதான். நேற்று மூன்று தட்டு. நான்காவது பொத்தானுக்கு இடது கை உதவிக்கு வந்துவிட்டது.