எங்கள் பராட்டாக் கடைக்கு கியூஆர் வந்த வழி

பராட்டா போடுகிறவனுக்கு இரண்டு கையிலும் எண்ணெய். அந்தக் கையால் காசும் வாங்க முடியாது, கைப்பேசியையும் தொட முடியாது. எங்கள் கடையில் அதனால் காசு விவகாரம் எல்லாம் என் மனைவி பார்ப்பது. தேத்தண்ணி ஆற்றுவதும் அவர்தான், மிச்சக் காசு கொடுப்பதும் அவர்தான். மின்னிலக்கக் கட்டணம் என்று பேச வருகிறவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி இன்றுவரை ஒன்றுதான்: பணம் வந்துவிட்டது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? இதற்குப் பதில் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் எனக்குக் காதில் ஏறாது.

சிங்கப்பூரில் ஓர் உணவங்காடி நிலையத்தில் கடை. எந்தப் பேட்டை என்பது இங்கே தேவையில்லை. அண்மையில் கடை எடுத்த நண்பர் ஒருவர், "அண்ணே, இந்த கியூஆர் எல்லாம் எப்படிப் போட்டீங்க, அரசாங்கம் காசு கொடுத்துச்சாமே?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

2017 ஆகஸ்டில் நடந்த தேசிய தினப் பேரணி உரை பலருக்கு நினைவிருக்கும். ஷாங்காயில் வறுத்த கொட்டை விற்கிற கடையில்கூட எல்லோரும் கைப்பேசியை நீட்டிக் கட்டணம் செலுத்துகிறார்கள், அங்கிருந்து வருகிறவர்களுக்கு நாம் பின்தங்கித் தெரிகிறோம் என்ற பொருளில் பிரதமர் லீ சியன் லூங் பேசினார். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான், கைப்பேசி எண்ணை வைத்தே வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்புகிற பேநவ் வந்திருந்தது. உரையைக் கடையில் இருந்த தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு நாங்கள் சிரித்தோம். ஏனென்றால் எங்களிடம் கியூஆர் இல்லாத குறை கிடையாது. அளவுக்கு மேல் இருந்ததுதான் குறை.

அந்தச் சமயத்தில் வாரத்துக்கு ஒருவர் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வருவார். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித் தனி ஸ்டிக்கர், தனித் தனிச் செயலி. பணம் வந்து சேரும் நாளும் ஆளுக்கு ஆள் வேறு. ஒன்று மறுநாள் வரும், இன்னொன்று வாரம் ஒருமுறை. ஒரு நிறுவனத்தின் பணம் வராமல் போய், தொலைபேசி எண்ணைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டால், அந்த விற்பனைப் பையன் வேலையை விட்டுப் போயிருந்தான். நாலைந்து ஸ்டிக்கர் ஒட்டிய கண்ணாடியில் பராட்டாவே தெரியாது. வாடிக்கையாளர் ஒருவர் நீல ஸ்டிக்கர் இருக்கிறதா என்பார், அடுத்தவர் பச்சை இல்லையா என்பார். வரிசை நிற்கும். கடைசியில் இரண்டு பேரும் பத்து வெள்ளி, அதாவது பத்து சிங்கப்பூர் டாலர் நோட்டை எடுத்து நீட்டுவார்கள்.

இதை நிறுவனங்களாகப் பேசித் தீர்த்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்தால் நடந்திருக்காது என்பது என் கருத்து. எதிராளியின் பெயர் இருக்கிற அட்டையில் தன் பெயரையும் போட எவன் சம்மதிப்பான்? ஆளுக்கு ஆள் கடைகளைப் பிடிக்கப் பணம் செலவழித்துக்கொண்டிருந்த நேரம் அது. சிங்கப்பூர் நாணய ஆணையமும் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையமும் சேர்ந்து ஒரு பணிக்குழு அமைத்து, வங்கிகளையும் கட்டணச் சேவை நிறுவனங்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்தன. 2018 செப்டம்பர் 17ஆம் தேதி எஸ்ஜிகியூஆர் வெளியானது. 27 கட்டணச் சேவைகளுக்கும் பொதுவாக ஒரே குறியீடு. எந்தச் செயலியைத் திறந்து ஸ்கேன் செய்தாலும் தன்னுடைய பகுதியை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

கண்ணாடி சுத்தமானது. ஆனால் கணக்கு சுத்தமாகவில்லை. அட்டைதான் ஒன்று. அதற்குப் பின்னால் ஒவ்வொரு நிறுவனத்தோடும் தனித்தனியாகப் பதிவுசெய்யத்தான் வேண்டியிருந்தது. பணமும் தனித்தனியாகத்தான் வந்தது. புதிதாக ஒரு சேவையைச் சேர்த்தால் அட்டையை மாற்ற வேண்டும். பத்திரிகையில் படித்தவர்கள், "இனிமே ஒண்ணுதானே அண்ணே" என்று வாழ்த்துவார்கள். மனைவி பேசாமல் சர்க்கரையைக் கலக்குவார். இரவு எந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கணக்குப் பார்த்து உட்கார்ந்தவர் அவர்தானே.

எங்களைப் போன்றவர்களுக்கு முக்கியமான மாற்றம் இதற்கு அடுத்த படியில்தான் வந்தது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எண்டர்பிரைஸ் சிங்கப்பூர், தேசிய சுற்றுப்புற வாரியம், வீவக என்கிற வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், தொழிற்பேட்டைகளைப் பார்க்கிற ஜேடிசி ஆகிய அரசாங்க அமைப்புகள் சேர்ந்து, உணவங்காடி நிலையங்கள், காப்பிக் கடைகள், தொழிற்பேட்டை உணவகங்களுக்கு ஒரே நிறுவனம் எல்லாச் சேவைகளையும் தொகுத்துத் தரவேண்டும் என்று முடிவுசெய்து, உள்ளூர்க் கட்டணச் சேவை நிறுவனமான நெட்ஸைத் தேர்ந்தெடுத்தன. ஒரு முறை பதிவு, ஒரே கணக்கு அறிக்கை, பணம் எல்லாம் சேர்ந்து ஒரே இடத்திலிருந்து. சிக்கல் என்றால் கூப்பிட ஓர் எண். பரிவர்த்தனைக் கட்டணமான 0.5 விழுக்காட்டை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. முதலில் மூன்றாண்டு என்றார்கள், பிறகு 2023 டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள்.

இவ்வளவு இருந்தும் நான் உடனே சேரவில்லை. காலையில் வருகிற பெரியவர்கள் எல்லாம் சில்லறைதான் தருவார்கள், நமக்கு எதற்கு என்ற எண்ணம். கொவிட் வந்து அந்த எண்ணத்தை மாற்றியது. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நோய்ப்பரவல் முறியடிப்பு நடவடிக்கை. மேசைகளைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டார்கள். எல்லாமே டபாவ்தான், பொட்டலம் கட்டி எடுத்துப் போவதுதான். நோட்டை நீட்டுகிறவர் கை தயங்குவது எனக்கே தெரிந்தது. வாங்குகிற மனைவியின் கையும் தயங்கியது. அந்த ஜூனில்தான் அங்காடி வணிகர்களை மின்னிலக்கத்துக்குக் கொண்டுவரும் திட்டம் தொடங்கியது. மாதம் குறைந்தது 20 பரிவர்த்தனை நடந்தால் 300 வெள்ளி ஊக்கத்தொகை, ஐந்து மாதத்துக்கு. ஆக மொத்தம் 1,500 வெள்ளி. தீவு முழுக்க 18,000 கடைகளைச் சேர்ப்பது இலக்கு.

பதிவு செய்த கதை சுருக்கமானது. மின்னிலக்கத் தூதர்கள் கடைக்கே வந்தார்கள். முதலில் வந்த பெண் நன்றாகத்தான் விளக்கினாள். ஆனாலும் நான் கேட்க நினைத்ததை ஆங்கிலத்தில் சரியாகக் கேட்க வரவில்லை. அப்புறம் தமிழ் பேசுகிற தம்பி ஒருவரை அனுப்பினார்கள். அடையாள அட்டை, சுற்றுப்புற வாரியத்தின் கடை உரிமம், வங்கிக் கணக்கு விவரம், இவ்வளவுதான் கேட்டார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, புதிதாக வருகிறவர்கள் கவனிக்க வேண்டும். உரிமம் பெற்ற அங்காடி வணிகர் தன் தொழிலை நிறுவனமாகப் பதிவுசெய்ய வேண்டிய கட்டாயம் கிடையாது. பதிவு இல்லையென்றால் நிறுவன எண் இல்லை. நிறுவன எண் இல்லையென்றால் கம்பெனிகளுக்கான பேநவ் வாங்க முடியாது. இந்த ஒரு காரணத்தால்தான் அதுவரை வங்கியில் பேசப் போகும்போதெல்லாம் பாதியிலேயே பேச்சு நின்றுவிடும். உரிமம் என் பெயரில், கணக்கு நானும் மனைவியும் சேர்ந்து வைத்திருப்பது. அது சரிதானா என்று பார்க்கக் கொஞ்ச நாள் ஆனது. பிறகு அட்டை வந்தது.

20 பரிவர்த்தனை எங்களுக்குப் பெரிய விஷயமாக இல்லை. மதியம் வருகிற அலுவலகப் பிள்ளைகளே அதை முடித்துவிட்டார்கள். பக்கத்துக் கடை கஞ்சி அங்கிளுக்குத்தான் கஷ்டம். அவர் வாடிக்கையாளர் எல்லாம் எழுபது தாண்டியவர்கள். கைப்பேசியில் பேசுவதற்கே கண்ணாடி தேடுகிறவர்கள். மாதக் கடைசி நெருங்க நெருங்க அங்கிள் விரல்விட்டு எண்ணுவார். எங்கள் வரிசைக் கடைக்காரர்கள் பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவரிடம் கஞ்சி வாங்கி ஸ்கேன் செய்தோம். அந்த மீன் கஞ்சி நன்றாகவே இருக்கும் என்பது வேறு விஷயம்.

ஊக்கத்தொகையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சொந்தக் கைப்பேசி எண்ணுக்கு வருகிற பேநவ் இந்தக் கணக்கில் சேராது. தொகுத்த அட்டை வழியாக வந்தால்தான் கணக்கு. காகித அட்டையில் கைப்பேசி எண்ணைப் பெரிதாக எழுதி மாட்டுகிற கடைகள் அப்போதும் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அதற்குக் கட்டணம் கிடையாது, பணம் அந்த நொடியே வரும். ஆனால் வீட்டுச் செலவும் கடை வரவும் ஒரே கணக்கில் கலந்துவிடும். வருமான வரி நேரத்தில் அந்தக் கலவையைப் பிரிக்கிற பாடு இருக்கிறதே, அதற்கு 0.5 விழுக்காடு கொடுக்கலாம் என்று என் மனைவி சொல்வார்.

சரி, என் முதல் கேள்விக்கு வருகிறேன். பணம் வந்ததா என்று எப்படித் தெரியும்? தொடக்கத்தில் இதற்கு ஒழுங்கான பதில் இல்லை. வாடிக்கையாளர் தன் கைப்பேசித் திரையைத் திருப்பிக் காட்டுவார். பச்சை நிறத்தில் ஒரு டிக் தெரியும். கூட்ட நேரத்தில் அதில் தொகையையும் நேரத்தையும் படிக்க யாருக்கு முடியும்? எங்கள் செயலியில் பார்க்கலாம்தான். பார்க்கிற நேரத்துக்குத் தேத்தண்ணி ஆறிவிடும். முந்தின நாள் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டு நடந்தவர்களும் உண்டு. இரவு கணக்கு இடிக்கும்போதுதான் தெரியும். பெரிய தொகை இல்லை, பராட்டா இரண்டு, தேத்தண்ணி ஒன்று, அவ்வளவுதான். ஆனாலும் மனசு ஆறாது. நிறுவனங்களை ஒரு மேசைக்குக் கொண்டுவந்த அரசாங்க அமைப்புகள் இந்தக் கடைசி அடியையும் ஆரம்பத்திலேயே கேட்டு வாங்கியிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பணம் விழுந்ததும் தொகையைச் சத்தமாகச் சொல்கிற சின்னப் பெட்டி பின்னால் வந்தது. அது வந்த பிறகுதான் எனக்கு இந்த ஏற்பாட்டில் முழு நம்பிக்கை வந்தது.

பெரியவர்களை ஸ்கேன் செய்ய வைத்தது எங்கள் அட்டை இல்லை. 2021 டிசம்பரில் ஒவ்வொரு சிங்கப்பூர்க் குடும்பத்துக்கும் 100 வெள்ளி சிடிசி (சமூக மேம்பாட்டு மன்ற) பற்றுச்சீட்டு மின்னிலக்க வடிவில் வந்தது. அதில் முறை தலைகீழ். அவர்கள் கைப்பேசியில் குறியீட்டைக் காட்டுவார்கள், நாங்கள் எங்கள் செயலியால் ஸ்கேன் செய்ய வேண்டும். 2 வெள்ளி, 5 வெள்ளி, 10 வெள்ளி என்று பிரித்து எடுக்கலாம், மிச்சம் தரமுடியாது. அதனால் தேத்தண்ணி மட்டும் குடிக்க வந்தவர் கூடவே ஒரு பராட்டாவும் வாங்கிக் கணக்கைச் சரிக்கட்டுவார். வருடக்கணக்கில் ஒரு வெள்ளி நாணயத்தை மேசையில் தட்டிவிட்டுப் போன ஐயா ஒருவர், பேத்தியிடம் கற்றுக்கொண்டு வந்து, "இந்தாம்மா, பிடி" என்று கைப்பேசியை நீட்டினார். பேச வேண்டியதில்லை, சும்மா கிடைத்த காசு என்றால் தானாகக் கற்றுக்கொள்கிறோம்.

நிறுவனங்களை ஒரே மேசையில் உட்கார வைத்த மாதிரி இரண்டு நாட்டுக்கு நடுவிலும் நடந்தது. 2023 பிப்ரவரி 21 அன்று பேநவ்வையும் இந்தியாவின் யூபிஐயையும் இணைத்தார்கள். என் அப்பா காலத்தில் ஊருக்குப் பணம் அனுப்ப ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் வரிசையில் நிற்பார். இப்போது என் தம்பி தஞ்சாவூர்ப் பக்கத்தில் இருக்கிற அத்தைக்குக் கடைவாசலில் நின்றபடி அனுப்புகிறான். எல்லா வங்கியிலும் கிடைக்காது. இந்தியாவிலிருந்து இங்கே அனுப்ப நாளொன்றுக்கு 60,000 ரூபாய், ஏறக்குறைய 1,000 வெள்ளி என்று வரம்பு வைத்தார்கள். இதுவும் இரண்டு மத்திய வங்கிகள் சேர்ந்து உட்கார்ந்ததால் நடந்தது.

2024 பிறந்ததும் கட்டணம் எங்கள் பக்கம் வந்துவிட்டது. நூறு வெள்ளிக்கு ஐம்பது காசு. தொகை சிறியது என்று வெளியில் இருப்பவர்கள் சொல்லலாம். மாவு, எண்ணெய், டின் பால் எல்லாம் ஏறுகிற நேரத்தில் ஒவ்வொரு ஐம்பது காசும் கண்ணில் படும். எங்கள் நிலையத்திலேயே சிலர் அட்டையைத் திருப்பி வைத்துவிட்டார்கள். நாங்கள் வைக்கவில்லை. சில்லறை மாற்ற வங்கிக்குப் போய் நிற்கிற வேலையும், இரவில் நாணயம் எண்ணுகிற வேலையும் குறைந்ததை அந்த ஐம்பது காசோடு வைத்துப் பார்த்தால் எங்களுக்குச் சரியாக வருகிறது. கஞ்சி அங்கிளுக்கு அப்படி வராது, அவர் விலக்கியது நியாயம்தான்.

நண்பருக்குச் சொன்னதில் மிச்சம் இரண்டு விஷயம். உரிமத்தில் இருக்கிற பெயரிலேயே வங்கிக் கணக்கை முதலில் திறந்து வையுங்கள், மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும். அந்தச் சத்தம் போடுகிற பெட்டியைக் காசு வாங்குகிறவர் பக்கம் வைக்காதீர்கள், அடுப்புப் பக்கம் திருப்பி வையுங்கள். பராட்டாவைத் தட்டில் எடுத்து வைப்பவனுக்குத்தான் அது கேட்க வேண்டும்.