ஈக்வலைசரைத் திருகப் போய் பேச்சே நின்றுபோன கதை

போன வாரம் முழுக்க, பாட்டின் தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனிப் பட்டைகளாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசரோடுதான் பொழுது போனது. பார்வை உள்ளவர்கள் மவுஸால் நாலு இழுப்பு இழுத்து முடித்துவிடும் வேலை. நான் ஒவ்வொரு பட்டைக்கும் டேப் தட்டிப் போய், அம்புக்குறியை அழுத்தி, திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் நிரலான என்விடிஏ சொல்லும் எண்ணைக் கேட்டுக் கேட்டுத்தான் நகர்த்த வேண்டும்.

முதலில் எடுத்த பிளேயர், பெயர் வேண்டாம், 10 பட்டைகளையும் "ஸ்லைடர் 50" என்றே வாசித்தது. எது 60 ஹெர்ட்ஸ், எது 16 கிலோஹெர்ட்ஸ் என்று ஒரு சொல் இல்லை. டேப்பை விரல்விட்டு எண்ணி, ஏழாவதில் கணக்குத் தவறி, மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். அப்புறம் ஒவ்வொன்றையும் அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, பாட்டில் எது காணாமல் போகிறது என்று காதாலேயே தேடினேன். பேஸ் கிட்டார் கரைந்தால் கீழ்ப்பட்டை, பாடுபவரின் 'ஸ' மழுங்கினால் 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம். மெதுவான வேலைதான், ஆனால் பெயர் எழுதியிருந்தால் இவ்வளவு கவனித்துக் கேட்டிருக்க மாட்டேன்.

அதைவிடப் பெரிய குழப்பம், எதை நகர்த்தினாலும் பாட்டு மங்கலாகவே கேட்டது. இரண்டு நாள் ஹெட்போனைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், என்விடிஏ பேசும்போது மற்ற ஒலியைத் தாழ்த்தும் ஆடியோ டக்கிங் ஆனில் இருக்கிறது! நான் கீயைத் தட்டுகிறேன், அது எண்ணைச் சொல்கிறது, சொல்லும்போது பாட்டு இறங்கிவிடுகிறது. மாற்றத்தைக் கேட்க வேண்டிய நொடியும் அதுவேதான். என்விடிஏ கீயோடு ஷிஃப்ட், டி அழுத்தி அதை நிறுத்தினேன். நகர்த்தியதும் கன்ட்ரோலை ஒரு தட்டு தட்டிப் பேச்சை அடக்கிவிட்டுக் கேட்பது இப்போது பழகிவிட்டது.

சரி, இனி எல்லாம் சுகம் என்று ஃபூபார்2000 என்ற பிளேயருக்கு மாறி, கன்ட்ரோல் பி தட்டி அமைப்புகளைத் திறந்து, அவுட்புட் பட்டியலில் எக்ஸ்க்ளூசிவ் என்று போட்டிருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். பாட்டு அவ்வளவு சுத்தமாக வந்தது. டேப் தட்டினேன், பேச்சு இல்லை. மறுபடி தட்டினேன், இல்லை. எக்ஸ்க்ளூசிவ் என்றால் சவுண்ட் கார்டு முழுவதும் அந்த ஒரே நிரலுக்கு. என்விடிஏவுக்கும் அங்கே இடமில்லை. தப்பு என்னுடையதுதான். ஆல்ட் எஃப்4 அடித்ததும் பாட்டு நின்று, "டெஸ்க்டாப்" என்று அந்தக் குரல் திரும்பி வந்தபோது வந்த நிம்மதி இருக்கிறதே! பிறகு திறந்து, எதையும் ஓடவிடாமல் பழைய அவுட்புட்டுக்கே மாற்றிவிட்டேன். தனி யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று மாட்டி, என்விடிஏவின் குரலை அதற்குத் திருப்பிவிட்டால் இரண்டும் ஒத்துப்போகும். அது அடுத்த மாதம்.

பாட்டுக்குப் பாட்டு சத்தம் ஏறி இறங்கும் தொல்லைக்கு ஈக்வலைசரை நம்ப வேண்டாம். எல்லாப் பாட்டையும் தேர்ந்தெடுத்து, மெனு கீயில், பாட்டுகளின் சத்தத்தைச் சமப்படுத்தும் ரீப்ளேகெயின் ஸ்கேன் கொடுத்து, பிளேயர் அமைப்பிலும் ரீப்ளேகெயின் ஆனில் இருந்தால் போதும்.

பேஸை 6 டெசிபல் ஏற்றிப் பார்த்தேன், கரகரவென்று உடைந்தது. 6 டெசிபல் என்றால் அலையின் வீச்சு ஏறக்குறைய இரட்டிப்பு, உடையாமல் என்ன செய்யும்? இப்போது எதையும் ஏற்றுவதில்லை. 310 ஹெர்ட்ஸில் மைனஸ் 3, 6 கிலோஹெர்ட்ஸில் மைனஸ் 2, மற்றதெல்லாம் பூஜ்யம்.