கல் போனால் மட்டும் போதாது, கடிதமும் வேண்டும்: கிளாஸ் 1 மருத்துவத் தகுதிக்கு நிபுணரைத் தேடிய அனுபவம்

சென்ற வாரம் எனக்குக் கிளாஸ் 1 மருத்துவத் தகுதி, அதாவது வணிக விமானி உரிமத்துக்கு வேண்டிய உடல்தகுதிச் சான்று, கிடைத்தது. முதல் முறை போனபோது, வயிற்று ஸ்கேனில் இடது சிறுநீரகத்தில் 4 மி.மீ. கல் தெரிகிறது என்று சொல்லி, ‘தற்காலிகத் தகுதியின்மை’ என எழுதி, மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதற்கு முந்தைய படியான கிளாஸ் 2 பரிசோதனை, கோப்பு எண், இணையதளப் பதிவு ஆகியவையெல்லாம் இதை வாசிப்பவர்களுக்குத் தெரிந்தவையே என்பதால் அவற்றை விட்டுவிட்டு, அந்த மூன்று மாதத்தில் சரியான மருத்துவரைக் கண்டுபிடிக்க நான் பட்ட பாட்டை மட்டும் எழுதுகிறேன்.

காரைக்குடிப் பக்கத்து வெயிலில் வளர்ந்தவர்களுக்குக் கல்லடைப்பு புதிய செய்தியன்று. எங்கள் வீட்டிலேயே அப்பச்சிக்கும் சித்தப்பாவுக்கும் வந்திருக்கிறது. ஆகவே நான் பரிசோதனை நடந்த பெங்களூரிலிருந்து அழுதுகொண்டு திரும்பியபோது யாரும் பதறவில்லை. அப்பத்தா மறுநாள் காலையிலேயே வாழைத்தண்டுச் சாறு பிழிந்து வைத்துவிட்டார்.

முதலில் பார்த்த மருத்துவர் நல்லவர், அனுபவம் மிக்கவர். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, “நாலு மில்லிமீட்டர்தானே அம்மா, நிறையத் தண்ணீர் குடி, தானாகப் போய்விடும்” என்றார். சான்றிதழ் வேண்டும் என்றதும், “கல்யாணத்துக்கா?” என்று கேட்டார். அவர் சொன்னதில் மருத்துவப் பிழை எதுவும் இல்லை, 5 மி.மீ.க்குக் குறைந்த கற்களில் பெரும்பாலானவை தாமாகவே வெளியேறிவிடுபவைதாம். ஆனால் கல் சிறுநீரகத்துக்குள் சும்மா இருக்கும்வரை பெரும்பாலும் வலி தெரிவதில்லை. அது நழுவிச் சிறுநீர்க்குழாயில் இறங்கி அடைக்கும்போதுதான் ஆளைச் சுருட்டிப் போடும் வலி வருகிறது. “தானாகப் போய்விடும்” என்று அவர் ஆறுதலாகச் சொன்ன அந்த நிகழ்ச்சி, விமானம் தரையிறங்கும் நேரத்தில் நடந்தால் என்ன ஆகும் என்பதுதான் தகுதி வழங்குபவர்களின் கவலை. இதை அவருக்கு எடுத்துச் சொல்ல எனக்கு அன்று தெரியவில்லை. ‘கவலைப்பட ஒன்றுமில்லை’ என்ற ஒற்றை வரிச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்தேன். அதனால் ஒரு பயனும் இல்லை.

இரண்டாவதாகச் சென்ற இடத்தில் வேறு விதமான அனுபவம். சி.டி. எடுக்காமலே, எந்த நாளில் படுக்கையில் சேர்கிறீர்கள் என்று வரவேற்பிலேயே கேட்டார்கள். அல்ட்ராசவுண்டில் கல்லின் அளவு பெரும்பாலும் கூடுதலாகத்தான் தெரியும். சில சமயம் இல்லாத கல்லும் இருப்பதுபோலத் தெரியும். சாயம் செலுத்தாத சி.டி. ஸ்கேன்தான் கல் இருக்கிறதா, எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது என்று உறுதியாகச் சொல்லும். அதை எடுக்காமல் அறுவைக்கு நாள் குறிப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்; நான் வந்தேன், அப்பச்சிக்குத்தான் சங்கடமாக இருந்தது.

இவ்விருவருக்கும் பிறகுதான், விமானப்படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற, எனக்குக் கிளாஸ் 2 பரிசோதனை செய்த மருத்துவரிடமே கேட்கலாமே என்று தோன்றியது. முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். பரிசோதகரின் வேலை நிபுணரின் வேலை அன்று. ஆயினும் எந்த நிபுணரின் அறிக்கை இதற்கு முன் ஏற்கப்பட்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அவர் மதுரையில் இருக்கும் ஒரு யூராலஜி (சிறுநீர்ப் பாதை அறுவை) நிபுணரிடம் அனுப்பினார். புறப்படுமுன், மருத்துவர் விடை சொல்ல வேண்டிய கேள்விகளை ஒரே பக்கத்தில் எழுதி எடுத்துச் செல்லுமாறும் சொன்னார். என் தகுதிக்குக் காரணம் என்று நான் நம்புவது அந்த ஒரு பக்கத்தைத்தான். எழுதியவை இவை:

கல் இப்போது இருக்கிறதா, எந்த இடத்தில்?
அது அசைந்து குழாயில் இறங்க வாய்ப்பு உண்டா?
அடைப்போ சிறுநீரகப் பாதிப்போ உண்டா?
மீண்டும் கல் உருவாகும் காரணம் தேடப்பட்டதா, என்ன கிடைத்தது?
தொடர்ந்து என்ன மருந்து, அதன் பக்கவிளைவு என்ன?
பறக்கும்போது நான் திடீரெனச் செயலிழக்கும் அபாயம் பற்றி உங்கள் கருத்து என்ன?

மதுரை மருத்துவர் தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “ஆக, கல்லை எடுப்பது என் வேலை, மறுபடி வராது என்று காட்டுவதும் என் வேலை, அப்படித்தானே?” என்று சிரித்தார். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விமான மருத்துவக் கையேட்டை, அதாவது டாக் 8984ஐ, என் கைப்பேசியில் காட்டச் சொல்லிச் சில பக்கங்கள் படித்தார். நமக்கு வேண்டிய நிபுணரின் அடையாளம் இதுதான் என்பேன்: தெரியாததைப் படித்துப் பார்க்கக் கூச்சப்படாதவர்.

சி.டி.யில் கல் சிறுநீரகத்தின் கீழ்க் கிண்ணத்தில் உறுதியாக இருந்தது. சிறுநீர்ப் பாதை வழியே மெல்லிய குழாய்க் கருவியைச் செலுத்தும் ஆர்.ஐ.ஆர்.எஸ். முறையில் லேசர் கொண்டு எடுத்தார்கள். இரண்டு வாரம் சிறுநீர்க்குழாய் அடைபடாமலிருக்க வைக்கும் டி.ஜே. ஸ்டென்ட் இருந்தது, அந்த எரிச்சலைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. எடுத்த துகளைப் பகுப்பாய்வுக்கு அனுப்பச் சொல்லி நீங்களே நினைவூட்டுங்கள், இல்லையெனில் அது குப்பைக்குப் போய்விடும். என்னுடையது கால்சியம் ஆக்சலேட்.

அடுத்து நெஃப்ராலஜி நிபுணர். கல்லை எடுப்பவர் ஒருவர், அது ஏன் உருவாகிறது என்று பார்ப்பவர் வேறொருவர் என்ற வேறுபாடே எனக்கு அதுவரை தெரியாது. அவர் 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை எழுதினார். காலையில் முதலில் கழிப்பதை விட்டுவிட்டு, அதன்பின் மறுநாள் காலையில் முதலில் கழிப்பது வரை ஒரு துளி விடாமல் கேனில் சேர்க்க வேண்டும். ஐந்து லிட்டர் வெள்ளைக் கேனை வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் நிழலான மூலையில் வைத்திருந்தேன். அப்பத்தா அதைத் தூக்கிப் பார்த்து, “எண்ணெய் யார் வாங்கி வச்சது?” என்று கேட்டதை இன்றும் வீட்டில் சொல்லிச் சிரிக்கிறார்கள். முடிவில் வெளிவந்த குறை எளியது: ஒரு நாள் முழுவதற்கும் 1100 மி.லி.தான். 2500 மி.லி.யாவது வர வேண்டும் என்றார். மருந்து தேவைப்படவில்லை, தண்ணீரைக் கூட்டி, உப்பைக் குறைத்து, ஆறு வாரம் கழித்து மறுபடி கேன் பிடித்தபோது 2600 வந்தது. அந்த இரண்டு எண்களும் அறிக்கையில் அருகருகே நின்றன.

மற்றவை சுருக்கமாக. காது, இருதயம், கண் எதுவானாலும் இதே வழிதான். பொதுவான இருதய மருத்துவர் வேறு, இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைப் பார்ப்பவர் வேறு, ஈ.சி.ஜி.யில் டெல்டா அலை (இதய மின்பாதைக் கோளாறின் அறிகுறி) வந்தவர்கள் பின்னவரிடம்தான் போக வேண்டும். எதையும் மறைக்காதீர்கள். அறிக்கைகளைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். நான் வட்டிக்கணக்கு எழுதிய குடும்பத்தில் பிறந்தவள், பேரேடு போட்டேன், உங்களுக்கு ஒரு பிளாஸ்டிக் கோப்பே போதலாம்.

மறுபரிசோதனை நாளில் அதிகாரி என் பேரேட்டைத் தொடவில்லை. நிபுணரின் இரண்டு பக்க அறிக்கையை மட்டும் எடுத்து, கடைசிப் பத்தியை இரண்டு முறை படித்தார். “இதை எழுதியவர் விமானப்படையா?” என்று கேட்டார். இல்லை, மதுரையில் இருக்கிறார் என்றேன். அடுத்த அறைக்குப் போகச் சொன்னார்.