கிரைண்டருக்கு ஒரு வண்டி, மேடைக்கு இரண்டு உயரம்

சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் எங்களுடையது பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. குப்பைக் குழாயின் வாய் சமையலறைக்குள்ளேயே இருக்கும். 1989க்குப் பிறகுதான் புதுக் கட்டடங்களில் அதை வீட்டுக்கு வெளியே தளத்துக்குப் பொதுவாக வைக்க ஆரம்பித்தார்கள். ஈரம் ஏறி அலமாரிக் கதவுகளெல்லாம் ஊதிவிட்டன. தரை டைல்ஸைத் தட்டினால் சில இடங்களில் வெற்றுச் சத்தம். சரி, சமையலறையை மாற்றிவிடலாம் என்று முடிவானதும் வேலையைப் பிரித்துக்கொண்டோம். இடிப்பது, டைல்ஸ், மின்சாரம், குழாய், பெரிய அலமாரிகள் எல்லாம் காண்ட்ராக்டருக்கு. சில்லறை மரவேலை எனக்கு. வார இறுதிகளில் பலகையும் பசையுமாக உட்கார்ந்துகொள்வது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. வீட்டிலிருப்பவர்கள் சகித்துக்கொள்வார்கள்.

முதல் வேலை ஹாலில் தற்காலிகச் சமையலறை. சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளி, அதன்மேல் இண்டக்‌ஷன் அடுப்பு, பக்கத்தில் ரைஸ் குக்கர், கீழே பிளாஸ்டிக் பெட்டிகளில் மளிகை. எரிவாயுக் குழாயை உரிமம் பெற்ற ஆள் வந்து அடைத்துவிட்டுப் போனார். இதையெல்லாம் பார்த்த அத்தை, “பொம்மை அடுப்புல எனக்கு ரசம் வைக்கத் தெரியாதும்மா” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். அன்று மாலையே வெளியே வந்து ரசம் வைத்தார் என்பது வேறு விஷயம்.

மின்சாரக் கணக்கை முதலிலேயே போட்டுவிடுவது நல்லது. நம் 13 ஆம்ப் பிளக் ஒன்று 230 வோல்ட்டில் ஏறக்குறைய 3,000 வாட் தாங்கும். இண்டக்‌ஷன் அடுப்பு முழு வேகத்தில் 2,000 வாட் இழுக்கிறது. தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. இரண்டையும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் செருகினால் அளவு மீறிவிடும். அதனால் கெட்டில் எங்கள் படுக்கையறைக்குக் குடிபோனது. விடிகாலையில் காப்பிக்கு வெந்நீர் எடுக்க அத்தை கதவைத் தட்டுவார். என் கணவருக்குத் தனியாக அலாரம் தேவைப்படவில்லை.

பாத்திரங்களைப் பிரிக்கக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அடியில் காந்தம் ஒட்டினால் இண்டக்‌ஷனில் சூடாகும். அலுமினிய இட்லிக் கொப்பரை தேறவில்லை. வார்ப்பிரும்பு தோசைக்கல் தேறியது, ஆனால் அடுப்புக்குள் இருக்கும் சுருளின் அகலத்துக்குத்தான் சூடு வருகிறது. நடுவில் சிவந்து ஓரத்தில் வெளுத்த தோசையை யாரும் தொடாததால், எல்லாம் ஊத்தப்பம் அளவுக்குச் சுருங்கின. அடி வளைந்த இரும்புச் சட்டியோ சூடாகவே இல்லை. அப்பளம் பொரிக்க வழியில்லாத காலம் என்று அத்தை அதை இன்னமும் சொல்லிக்காட்டுகிறார்.

சமைப்பதைவிடக் கழுவுவதுதான் பாடு. குளியலறைத் தரையில் குந்தி உட்கார்ந்து குக்கர் தேய்ப்பதற்கு முறை வைத்துக்கொண்டோம். டெங்கிக் கொசு பயத்தில் வாளியை உடனுக்குடன் கவிழ்க்க வேண்டும். துணி காயப்போடுவது இன்னொரு தலைவலி. மூங்கில் கழிகளைச் செருகும் இடம் சமையலறை ஜன்னலுக்கு வெளியேதான் இருக்கிறது, அந்தப் பக்கம் முழுக்கச் சிமெண்டுத் தூசி. பழைய அலமாரிச் சாமான்களை நடைபாதையில் வைக்கலாமா என்று இவர் கேட்டார். பொதுநடையில் 1.2 மீட்டராவது வழி விட வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. எங்கள் நடை அவ்வளவு தாராளமில்லை. எல்லாம் மகளின் கட்டிலுக்கு அடியில் போனது.

இடிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சத்தமான வேலை வாரநாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான், சனி ஞாயிறு கூடாது. மகள் பள்ளி விட்டதும் நேராக நூலகத்துக்குப் போய்விட்டாள். அத்தை மட்டும் நகரவில்லை. டைல்ஸ் ஒட்ட வந்தவர் அறந்தாங்கிக்காரர் என்று தெரிந்த நிமிடத்திலிருந்து, “தம்பி, டீ ஆறுது பாருங்க” என்று ஹால் சமையலறை அவருக்கும் சேர்த்து இயங்கியது. அவர் சொன்ன ஒரு யோசனையை அப்படியே எடுத்துக்கொண்டேன். அடுப்புக்குப் பின்சுவரில் டைல்ஸ் இடுக்கைச் சாதாரணச் சிமெண்டுக் கலவையால் அடைத்தால் மஞ்சள் கறை உள்ளே இறங்கிவிடும், எபாக்சி என்ற பிசின் கலவை போட்டால் துடைத்ததும் போய்விடும். “நம்ம வீட்டுச் சமையலுக்கு அதுதாம்மா” என்றார்.

இனி நான் எழுத நினைத்த விஷயம். மேசைமேல் நின்று சமைக்கும்போதுதான் உயரம் உறுத்தியது. மேசை 75 செ.மீ., எல்லோருக்கும் முதுகு வலி. காண்ட்ராக்டர் வரைபடத்தில் மேடை முழுக்க ஒரே உயரமாக 86 செ.மீ. போட்டிருந்தார். கைவசம் பலகைத் துண்டுகள் நிறைய இருந்ததால், வெட்டுப் பலகைக்கு அடியில் அடுக்கி அடுக்கிப் பார்த்தோம். நின்று கையை மடக்கினால் முழங்கை வரும் உயரத்திலிருந்து 10 முதல் 15 செ.மீ. கீழே வெட்டும் பரப்பு இருந்தால் தோள் தூக்காது, முதுகும் வளையாது. எனக்கு முழங்கை 100 செ.மீ., அத்தைக்கு 94, இவருக்கு 109. மூன்று பேருக்கும் பொதுவான ஓர் எண் கிடையாது.

ஆனால் வேலைக்கு வேலை உயரம் மாறுகிறது என்பது அடுக்கிப் பார்த்ததில் தெளிவாகத் தெரிந்தது. அடுப்பின்மேல் பாத்திரம் ஏறி நிற்கிறது, கரண்டி பிடிக்கும் கை அதற்கும் மேலே. எனவே அடுப்பு மேடை தாழ வேண்டும். தொட்டியிலோ பாத்திரம் கிடப்பது மேடைக்கு 20 செ.மீ. கீழே, அங்கே மேடை உயர வேண்டும். சாம்பார் கிண்ட அத்தைக்கு 80 சரியாக இருந்தது. எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுவது பெரும்பாலும் இவர், அவருக்கு 90 பிடித்தது. ஆக அடுப்புப் பக்கம் 80, தொட்டிப் பக்கம் 90.

காண்ட்ராக்டருக்கு இதில் உற்சாகமில்லை. படி வைத்தால் கல் ஒரே நீளமாக ஓடாது, விற்கும்போது வாங்க வருபவர் முகம் சுளிப்பார் என்றார். விற்கிற யோசனை எங்களுக்கு இல்லை. கொஞ்சம் கூடுதல் பணம் கேட்டார், கொடுத்தோம். புகைபோக்கியையும் அதே அளவு கீழே இறக்க வேண்டும் என்பதை அவரே நினைவுபடுத்தினார், அதற்கு நன்றி.

அடுத்தது கிரைண்டர். எங்களுடையது மேடைமேல் வைக்கிற வகை, பத்துக் கிலோவுக்கு மேல். 90 செ.மீ. மேடையில் ஏற்றினால் அதன் வாய் மார்புக்கு மேலே போகும், அத்தை எட்டிப் பார்த்துத்தான் மாவு தள்ள வேண்டும். தரையில் வைத்தால் குனிய வேண்டும். இரண்டுக்கும் நடுவில், மேடைக்கு அடியில் போய் நிற்கிற ஒரு சக்கர வண்டி செய்வது என்று முடிவெடுத்தேன். தொட்டிக்குப் பக்கத்தில் 50 செ.மீ. அகலத்துக்கு அலமாரி போடாமல் காலியாக விடச் சொன்னேன்.

18 மி.மீ. பிளைவுட், சுங்கை காடுட் பக்கத்து மரக்கடையில் அளவுக்கு வெட்டி வாங்கியது. சக்கரத்தோடு சேர்த்து உயரம் 48 செ.மீ., அதன்மேல் கிரைண்டர் 32, மொத்தம் 80. மேலே கல்லின் அடிப்பாகத்துக்கு இடைவெளி கொஞ்சம் மிஞ்சுகிறது. எனக்கு நேரம் கிடைப்பது ஞாயிறுதான், அன்று மின்துளைப்பான் எடுக்கக் கூடாது. எல்லாத் துளையும் கையால் சுற்றும் துளைப்பானில் போட்டேன். மெதுவாகப் போகும், ஆனால் மரம் பிளக்காது. மூலைகளில் பசையும் திருகும். பின்பக்கம் ஒரு முழுப் பலகை அடித்ததும்தான் ஆட்டம் நின்றது. பிளைவுட்டுக்கு எதிரி அதன் விளிம்பு, தண்ணீர் குடிப்பது அங்கேதான். விளிம்பு முழுக்க முதலில் பசை தடவிக் காயவிட்டு, தேய்த்து, பிறகு தண்ணீரில் கரையும் வார்னிஷ் பூசினேன். நான்கு சக்கரத்தில் முன்னிரண்டுக்குப் பிரேக். கிரைண்டர் ஓடும்போது வண்டி நகராமலிருக்க மேலே ரப்பர் விரிப்பு.

சோதனை ஓட்டம் ஹாலிலேயே நடந்தது. உளுந்து போட்டு ஓடவிட்டோம். வண்டி அசையவில்லை, வழக்கமான சத்தம்தான். அத்தை நிமிர்ந்து நின்றபடியே மாவு வழித்தார். பாராட்டெல்லாம் இல்லை. “கீழ்த்தட்டுல தேங்காய்த் துருவிக்கு இடம் இருக்கு” என்று மட்டும் சொல்லி, அப்போதே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

மேடைக் கல் இன்னும் வரவில்லை. எனக்கு வெளிர்நிறக் குவார்ட்ஸ் ஆசை. அதில் கற்பொடியோடு பிசினும் கலந்திருப்பதால் கொதிக்கிற குக்கரை அப்படியே இறக்கி வைக்க முடியாது. வெளிர்நிறத்தில் மஞ்சள் வேறு பிடிக்கும். அத்தையின் கட்சி கறுப்புக் கிரானைட். மகளைக் கேட்டோம், “எதுவானாலும் சீக்கிரம் போடுங்க, என் கட்டிலுக்கு அடியிலிருந்து பெருங்காய வாசனை வருது” என்றாள். கடைசியில் கிரானைட்டுக்கே முன்பணம் கொடுத்திருக்கிறோம். கல் பொருத்தி, எரிவாயு இணைப்பு வந்ததும் பால் காய்ச்ச நாள் பார்க்க வேண்டும். அதற்குள் அஞ்சறைப்பெட்டி உட்காரும் ஆழத்துக்கு ஓர் இழுப்பறை முடிக்க வேண்டும், பெட்டியின் உயரம் 7 செ.மீ. இழுப்பறை ஓடும் தண்டவாளம் வாங்கிவிட்டேன், பலகை இந்த வாரம்.