கொல்லிமலை டவர் பிரச்சினையைப் பத்திரிகைக்குக் கொண்டுபோன அனுபவம்

2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைக்குச் செயலி வழியாக வருகைப் பதிவு கட்டாயம் என்று ஆனது. வேலை நடக்கும் இடத்திலேயே ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஆட்களைப் படம் எடுத்து ஏற்ற வேண்டும். கொல்லிமலையில் எங்கள் பக்கம் கரண்ட் போனால் சற்று நேரத்தில் டவரும் போய்விடும். படம் எடுத்தவர் போனைத் தூக்கிக்கொண்டு சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறுவார். ரேஷன் கடையில் கைரேகை வைக்க வந்த வயசானவர்கள் லைன் வரும்வரை காத்துக் கிடப்பார்கள். கூலியும் அரிசியும் இதை நம்பி இருக்கும்போது, “மலைன்னா அப்படித்தான்” என்று சொல்லிக் கடந்துபோவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

செல்போன் நிறுவனத்துக்குப் புகார் செய்தால் எண் வரும். பிறகு ‘தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வரும். அவ்வளவுதான்.

எங்கள் பகுதி நிருபர் அண்ணனிடம் சொன்னோம். மாவட்டப் பக்கத்தில் ‘சிக்னல் கிடைக்காமல் மக்கள் அவதி’ என்று சின்னதாக வந்தது. யாரும் அசையவில்லை. அவரே சொன்னார்: “அவதின்னு தினம் நாலு செய்தி வருது தம்பி. யார் பதில் சொல்லணும்னு இதுல இல்லையே.”

அதற்கப்புறம்தான் வேலையே ஆரம்பித்தது. ரேஷன் கடை, பள்ளிக்கூடம், டீக்கடை என மூன்று இடத்தில் நோட்டு வைத்தோம். லைன் போன நேரம், வந்த நேரம், அப்போது கரண்ட் இருந்ததா என்று எழுதினார்கள். சில வாரங்களில் விஷயம் பிடிபட்டது. கரண்ட்டோடு சேர்ந்து போனால் டவர் பேட்டரி செத்துவிட்டது என்று அர்த்தம். கரண்ட் இருந்தும் சுற்றுவட்டாரம் மொத்தமும் ஒரே நேரத்தில் போனால், கீழே எங்கோ சாலை தோண்டும்போது, டவர்களுக்கு இணைப்பு கொண்டுவரும் ஃபைபர் கேபிள் அறுந்திருக்கும். மாற்று வழியில் இன்னொரு கேபிள் இருந்தால் அறுந்தாலும் பாதகமில்லை. எங்களுக்கு இருந்தது ஒன்றே ஒன்று.

நிருபர் நோட்டுகளை வாங்கிக்கொண்டு நிறுவனத்திடம் இரண்டே கேள்வி கேட்டார்: பேட்டரி எப்போது மாற்றுவீர்கள்? இரண்டாவது கேபிள் ஏன் இல்லை? பதில் வரவில்லை. அதையும் சேர்த்தே செய்தி போட்டார், இந்தத் தடவை பெரிதாக. படத்தில் முகம் தெரிந்தால் வேலைக்கு வம்பு வருமோ என்று பெண்கள் பயந்தார்கள். முகம் தெரியாமல் எடுத்தார். இதில் யாரும் அவசரப்படக் கூடாது. செய்தி மறுநாள் பழசாகிவிடும், அவர்கள் அதே ஊரில்தான் இருக்க வேண்டும்.

செய்தி வந்த கையோடு, நறுக்கையும் நோட்டுப் பக்கங்களின் நகலையும் வைத்து, கலெக்டரின் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். மே 1 கிராம சபையில் தீர்மானமும் போட்டோம். மனு நிறுவனத்துக்குப் போனது, பேட்டரிகளை மாற்றினார்கள். இப்போது கரண்ட் போனாலும் சில மணி நேரம் தாங்குகிறது.

இரண்டாவது கேபிளுக்கு ‘ஆய்வில் உள்ளது’ என்று ஒரு கடிதம் வந்திருக்கிறது. அதன் நகல் நிருபரிடம் இருக்கிறது. அக்டோபர் 2 கிராம சபையில் அதை மறுபடி தீர்மானமாக வைக்கிறோம்.